சொல்லாதடி, நான் இன்னும் பாக்கல

விடிகாலை நாலு மணிக்குக் காசிமேடு ஏலத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே மீன் விலைக்கு அடுத்தபடி அதிகம் பேசப்படுவது முந்தின நாள் ராத்திரி ஓடிய சீரியல்தான். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, போட் வந்து கட்டுகிற வரைக்கும், யார் யாரை வீட்டை விட்டுத் துரத்தினார்கள், எந்த மாமியார் மனசு மாறினாள் என்று வரி வரியாக ஓடும் அந்தப் பேச்சு. என் அம்மா 26 வருடமாக அந்தக் கூட்டத்தில் இருக்கிறது. (எங்கள் பக்கம் அம்மாவை 'வரும், போகும், சொல்லும்' என்றுதான் சொல்வோம். அதை மாற்றி எழுதினால் அது என் அம்மா மாதிரி இருக்காது.)

அந்த 26 வருடத்தில் பெரும்பகுதி, அம்மா கேட்கிற ஆளாகத்தான் இருந்தது. "நேத்து இன்னா ஆச்சு? அந்தப் பொண்ணு வூட்ட வுட்டுப் போய்டுச்சா?" என்று அம்மா கேட்கும், மற்றவர்கள் சொல்வார்கள். கதை தெரியும், முகம் தெரியாது. ஒரு நடிகையின் பெயர், அவர் கட்டின புடவை நிறம், அவர் அழுத அழுகை எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அந்த நடிகையை எதிரே கொண்டுவந்து நிறுத்தினால் அம்மாவால் அடையாளம் சொல்ல முடியாது.

காரணம் ரொம்ப எளிது. அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்துவிடும். ரெண்டரைக்குக் கூடையோடு தெருமுனையில் ஷேர் ஆட்டோ. ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, தண்டையார்பேட்டையில் ஒரு தெருவோரத்தில் உட்கார்ந்து விற்று முடித்து வீடு திரும்ப மதியம் பதினொன்றரை, பன்னிரண்டு. ரெண்டு மணிக்கு எழ வேண்டும் என்றால் எட்டு மணிக்குப் படுத்தாக வேண்டும். டிவியில் நல்லதெல்லாம் ஏழு மணிக்கு மேல்தான். ஒன்பது மணி சீரியல் ஆரம்பிக்கும்போது அம்மா ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும். நாங்கள் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்போம்.

நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். சென்னை தூர்தர்ஷன் வந்தது 1975இல். சன் டிவி 1993 ஏப்ரல் 14. அன்றிலிருந்து எல்லாமே சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, காலை நீட்டி உட்காருகிறவர்களை நினைத்துப் போட்ட நேரம். வடசென்னையில் அப்படி உட்காருகிறவர்கள் எத்தனை பேர்? துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட் போகிறவர்கள், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள், எண்ணூர் பக்கம் கம்பெனிகளுக்கு மூணு ஷிஃப்டில் மாறி மாறிப் போகிறவர்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க நிற்கிற நர்ஸுகள், அப்புறம் என் அம்மா மாதிரி மீன்காரர்கள். எங்கள் ஏரியாவே டிவியின் மணிக்கணக்குக்கு வெளியே வாழ்கிற ஏரியா.

எங்கள் வீட்டு முதல் கலர் டிவி, அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் பெட்டி. அது வந்த அன்று அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தது. ஆனால் அதில் அம்மா பார்த்ததெல்லாம் மதியம் போடுகிற பழைய படங்கள்தான். ஒருமுறை, நான் பத்தாவது படிக்கும்போது, அம்மாவுக்கு ரொம்பப் பிடித்த சீரியலின் கடைசி நாள். பார்த்தே தீருவேன் என்று முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. எட்டே முக்காலுக்குச் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டது. எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் மதியம் வந்து, "ஏன்டி என்னிய எழுப்பல?" என்று கேட்டது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. போன எபிசோடு போனதுதான். அதைத் திரும்ப வரவழைக்க அன்று எங்களுக்கு ஒரு வழியும் கிடையாது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது எல்லார் கையிலும் டேட்டா வந்தது. தம்பியின் போனில் விட்டுப்போன எபிசோடை அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவோம். ஐந்து இன்ச் திரை, அம்மாவுக்கு வெள்ளெழுத்து. நடுவில் போன் வரும். தம்பி வேலைக்குப் போய்விட்டால் போனும் போய்விடும். அது ஒழுங்காக நடக்கவில்லை.

ஒழுங்காக நடக்க ஆரம்பித்தது வீட்டுக்கு ஃபைபர் லைன் வந்த பிறகுதான். எங்கள் தெரு கேபிள் அண்ணனே இப்போது இன்டர்நெட் லைனும் கொடுக்கிறார். 100 எம்பிபிஎஸ் வேகம், ஜிஎஸ்டியோடு மாதம் 589 ரூபாய். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு கருப்பு ஒயர் வந்து எங்கள் ஜன்னல் கம்பி வழியாக நுழைந்தது. கடல் காற்றில் எங்கள் வீட்டில் துருப்பிடிக்காத பொருள் கிடையாது. பழைய கேபிள் ஒயரின் முனையை வெட்டினால் உள்ளே செம்பு பச்சை பூத்துப் போயிருக்கும், மழை வந்தால் படம் புள்ளி புள்ளியாகும். இந்தப் புது ஒயரின் நடுவில் இருப்பது முடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதற்குள் ஓடுவது மின்சாரம் இல்லை, வெளிச்சம். கண்ணாடிக்குத் துருப்பிடிக்காது. அதைச் சொன்னதும் அம்மாவுக்கு அந்த ஒயர் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. கொடியில் துணி போடும்போது அதில் படாமல் போடும்.

ஆனால் முதல் ஒரு வாரம், இன்டர்நெட் வழியாக எபிசோடைப் போட்டால் டிவியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. லைன் ஆள் ரௌட்டரை, அதாவது வைஃபை கொடுக்கிற பெட்டியை, வசதியாக பீரோ மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். இரும்பு பீரோ, பக்கத்தில் கான்கிரீட் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் டிவி. போனில் பார்த்தால் எங்கள் வீட்டுக்குள் மட்டும் 31 வைஃபை பெயர்கள் தெரிந்தன. ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ரௌட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூணுதான்: 1, 6, 11. அந்த மூணுக்குள் 31 வீடுகளும் கத்தினால் யார் குரல் யாருக்குக் கேட்கும்? இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் அது சுவரைத் தாண்டும்போது பாதியாகிவிடும். கடைசியில் நான், வைஃபை இல்லாமல் ரௌட்டரிலிருந்து டிவிக்கு நேராக இன்டர்நெட்டைக் கொண்டுபோகிற லான் ஒயர் பத்து மீட்டர் வாங்கி, வாசற்படி ஓரமாக ஆணி அடித்துக் கொண்டுபோய் டிவியின் பின்னாலேயே செருகிவிட்டேன். அன்றோடு வட்டம் நின்றது. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் டிவி நின்று நின்று ஓடினால், பிளானை மாற்றுவதற்கு முன் ஒரு லான் ஒயர் போட்டுப் பாருங்கள். அந்த ஒயர் விலையில் தீர்கிற பிரச்சினைக்கு மாதா மாதம் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டாம்.

வட்டம் ஏன் சுற்றுகிறது என்று அம்மா கேட்டது. எபிசோடு முழுசாக ஒரே பொருளாக வருவதில்லை, சில நொடி நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றேன். ஒவ்வொரு துண்டும் பெரிசு, நடுத்தரம், சின்னது என்று பல தரத்தில் இருக்கும். டிவி ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்கும். லைன் நன்றாக இருந்தால் பெரிய துண்டு எடுக்கும், படம் பளிச்சென்று இருக்கும். லைன் மந்தமானால் சின்னதை எடுக்கும், படம் மங்கும், ஆனால் நிற்காது. ஒன்றைக் காட்டிக்கொண்டே அடுத்ததை வாங்கி வைத்துக்கொள்ளும். கையில் இருப்பு தீர்ந்து, அடுத்த துண்டு வந்து சேராவிட்டால்தான் வட்டம் சுற்றும்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தது. "அப்போ கூடையில மீன் தீந்து போய், ஐஸ் வண்டிக்காரன் மீதிய இன்னும் கொண்டாரல. வாங்க வந்தவங்க நின்னுக்கினு கீறாங்க. அதான?" என்றது. அதேதான். இதைவிடச் சரியாக நான் எங்கும் படித்ததில்லை.

இன்னொரு விஷயமும் அம்மாவுக்குச் சாதகமாக இருந்தது. வீட்டு ஃபைபரில் பெரும்பாலும் ஒரே இழையைத்தான் 32 வீடு, 64 வீடு என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லா வீட்டிலும் திறந்து வைத்திருப்பார்கள், நெரிசல். மதியம் பன்னிரண்டரைக்குத் தெருவே வெறிச்சென்று இருக்கும். அந்த நேரத்து லைன் முழுக்க அம்மாவுக்குத்தான். தூங்குகிற நேரத்தால் 26 வருடம் எதை இழந்ததோ, அதே நேரம் இப்போது அம்மாவுக்கு நல்ல படமாகத் திரும்பி வந்தது.

அந்த மதிய நேரத்தை நான் லீவு நாட்களில் கூட இருந்து பார்த்திருக்கிறேன். அம்மா வந்ததும் கூடையை வெளியே கவிழ்த்துவிட்டுக் குளிக்கப் போகும். அப்புறம் ஒரு கொட்டைப் பாக்கு அளவு புளியை எடுத்து உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவும். முகர்ந்து பார்க்கும். வாடை போகவில்லை என்றால் மறுபடியும் தேய்க்கும். ரிமோட்டை பாலிதீன் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறது. தட்டில் சோறும் முந்தின நாள் குழம்பும் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, முதல் பட்டனை அமுக்கும். பாட்டு ஆரம்பிக்கும்போது முதல் கவளம். அந்த அரை மணி நேரம் யாரும் அம்மாவைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் நிறுத்தி வைத்துவிட்டு வரும், அது வேறு விஷயம். நிறுத்தி வைக்கலாம் என்று தெரிந்த நாளில் அம்மா பட்ட சந்தோஷம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. தண்ணி லாரி ஹாரன் அடித்தது, குடத்தை எடுத்துக்கொண்டு ஓடி, நாலு குடம் பிடித்து வைத்துவிட்டு வந்து பார்த்தால் அந்த நடிகை அதே கண்ணீரோடு அப்படியே நிற்கிறார். "எனுக்காக நின்னுக்கினு கீது பாரு" என்றது அம்மா.

எல்லாம் சுலபமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். விஜய் டிவி சீரியல் ஒரு ஆப்பில், சன் டிவி சீரியல் சன் நெக்ஸ்டில், ஜீ தமிழ் ஜீ5இல் என்று தனித்தனி வீடு. ஒன்றுக்கு நான் வருடச் சந்தா கட்டினேன். கட்டி முடித்து டிவியில் திறந்தால், இந்தப் பிளான் போனில் மட்டும்தான் ஓடும் என்று வந்தது. அதை முன்னாலேயே பெரிய எழுத்தில் சொல்லியிருக்கலாம். பொடி எழுத்தில் அடியில் இருந்ததாம். வாடிக்கையாளர் சேவையில் பேசினேன், பணம் திரும்ப வரவில்லை. மேலே பணம் போட்டுத்தான் டிவிக்கு மாற்ற முடிந்தது. அம்மா கூடை கூடையாகச் சுமந்து சம்பாதித்த பணத்தில் கட்டினது அது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

மெனு ஆங்கிலத்தில் இருப்பதும் பெரிய தொல்லை. தமிழுக்கு மாற்றும் இடம் நாலு திரைக்கு உள்ளே ஒளிந்திருந்தது. மைக்கில் பேசித் தேடலாம் என்றார்கள். "ஒம்போது மணி நாடகத்தப் போடு" என்று அம்மா அதனிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது. வேறு எதையாவது காட்டும். வடசென்னைக்காரர் பேசுகிற தமிழும் தமிழ்தான், அது புரிகிற மாதிரி யாராவது செய்ய வேண்டும் என்று மனசாரக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரைக்கும் அம்மா படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறது. அக்கா பையன் வந்து கார்ட்டூன் பார்த்துவிட்டுப் போனால் வரிசை மாறிவிடும், அம்மாவின் சீரியல் கீழே தள்ளப்பட்டுவிடும். அம்மாவுக்கென்று தனி ப்ரொஃபைல் போட்டுக் கொடுத்த பிறகு அந்தக் குழப்பமும் தீர்ந்தது.

போன ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயில் திருவிழா. சாமி ஊர்வலம் வரும்போது குறுக்கே போகிற ஒயர்களை மூங்கில் கொம்பால் தூக்கிப் பிடிப்பார்கள். அன்று எங்கள் ஒயர் அலங்காரத்தில் மாட்டி அறுந்தது. பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்கிற இடத்தில் சிவப்பு விளக்கு. வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். கண்ணாடி இழையைச் சாதாரண ஒயர் மாதிரி முறுக்கிச் சேர்க்க முடியாது. அதற்கென்று ஒரு மெஷின் உண்டு. ரெண்டு முனையையும் நேராக வெட்டி, எதிரெதிரே வைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்டும். அந்த மெஷின் வைத்திருக்கிற ஆள் வர மூணு நாள் ஆனது. சீரியலில் அந்த மூணு நாளும் கல்யாணம். மார்க்கெட் முழுக்க அதே பேச்சு. நான்தான் தவித்துக்கொண்டு கேபிள் அண்ணனுக்குப் போன் மேல் போன் போட்டேன். அம்மா பதறவே இல்லை. "எங்க போய்டும்? உள்ளதான கீது" என்றது. நாலாம் நாள் மதியம் லைன் வந்தது. மூணு நாள் கல்யாணத்தையும் ஒரே உட்காரலில் பார்த்து முடித்தது. சுவரில் சாய்ந்து தூங்கிப்போன அந்தப் பழைய ராத்திரி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

என் மாமா போட்டில் தங்கல் போகிறவர். போனால் ஒரு வாரம், பத்து நாள் கடலிலேயே. கரையில் இறங்கியதும் எங்கள் வீட்டுக்கு வந்து விட்ட எபிசோடுகளை வரிசையாகப் பார்ப்பார். இங்கிலாந்தில் பிபிசி 2007 கிறிஸ்துமஸ் அன்று ஐபிளேயரைத் தொடங்கியபோது, ஒளிபரப்பான நிகழ்ச்சியை ஏழு நாள் வைத்திருந்து காட்டினார்கள், பிறகு 2014இல் 30 நாளாக்கினார்கள் என்று படித்தேன். ஏழு நாள் என்றதும் எனக்கு மாமாதான் ஞாபகத்துக்கு வந்தார். ஒரு தங்கலுக்கு அது போதாது. 30 என்றால் தாராளம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் போகாது. நாட்டுப்படகில் வருகிற கொஞ்சம் மீனுக்கு ஏகப்பட்ட போட்டி. அம்மா வாரத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருந்தது. அப்போது நான், "ம்மா, இப்பத்தான் ஃப்ரீயா இருக்கியே, ஒம்போது மணிக்கே எங்களோட உக்காந்து பாரேன்" என்றேன். உட்கார்ந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு விளம்பர இடைவேளை. தண்ணி குடிக்கப் போனால் கதை நகர்ந்துவிடுகிறது. ஒன்பதேகாலுக்குக் கண் சொக்கியது. ராத்திரி ரெண்டு மணிக்கு வழக்கம்போல எழுந்து, போக இடமில்லாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் மதியம் குளித்துவிட்டு, கையில் மீன் வாடையே இல்லாதபோதும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, தட்டோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தது.

தடை முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது என்று, நான் எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் பில்லிங் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு ஏலத்துக்குப் போனேன். மூணே முக்கால் இருக்கும். ஈரத் தரை, சோடியம் விளக்கு, போட் டீசல் வாடை. ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அம்மாவைப் பார்த்ததும், "யக்கா, நேத்து பாத்தியா? அந்த டாக்டரு இருக்கானே..." என்று ஆரம்பித்தது.

அம்மா ஐஸ் அள்ளின ஈரக் கையாலேயே அந்தப் பெண்ணின் வாயைப் பொத்தியது. "சொல்லாதடி, நான் இன்னும் பாக்கல. மதியானம் பாத்துட்டு வந்து நாளிக்கு நான் சொல்றேன் ஒனக்கு."

"நான்தான் பாத்துட்டனே யக்கா."

"இருந்தா இன்னா, நான் சொல்றது வேற" என்று சொல்லிவிட்டு அம்மா கூடையை இடுப்பில் தூக்கி வைத்தது. அந்தப் பக்கம் சங்கரா ஏலம் ஆரம்பித்திருந்தது.